கிளைடருக்கும் நிறம் உண்டு: சிக்னல் மாற்றிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் கோலி (கான்வேயின் லைஃப் ஆட்டத்தை ஓட்டும் மென்பொருள்) ஃபைலை அனுப்பி, "அண்ணா, எத்தனை ஸ்னார்க் போட்டாலும் ஒரு தடம் தள்ளியே வருது" என்று எழுதியிருந்தார். ஸ்னார்க் என்றால் கிளைடரை 90 டிகிரி திருப்பிவிடும் அமைப்பு, தடம் என்றால் கிளைடர் போகும் குறுக்குக் கோடு. திறந்து எண்ணினேன், பதினான்கு ஸ்னார்க். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் பதினொன்று போட்டுவிட்டு இதே இடத்தில்தான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கான்வேயின் லைஃப் ஆட்டத்தில் பலகையின் ஒவ்வொரு கட்டமும், அதாவது செல்லும், அக்கம்பக்கத்தைப் பொறுத்துத் தலைமுறைக்குத் தலைமுறை பிறக்கும், இறக்கும். அதில் குறுக்காக நகரும் சின்ன உருவமான கிளைடர் ஒரு சிக்னல், உருமாறிக்கொண்டே போகும் ஹெர்ஷல் என்ற உருவம் இன்னொரு சிக்னல். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுத்துவிட்டு, எதுவும் நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்புதான் மாற்றி. இதைக் கட்டத் தொடங்கியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கிளைடரை விழுங்கும் ஈட்டரைத் தலைகீழாக ஒட்டுவது, சேவ் பண்ண மறப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஒரே சிக்னலை விட்டுப் பார்த்துவிட்டு "ஓடுது" என்பது

முதல் சிக்னல் உள்ளே போய் வெளியே வந்ததில் பாதி விஷயம்தான் தெரியும். மாற்றி மறுபடி தயாராக எத்தனை தலைமுறை பிடிக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. ஸ்னார்க்குக்கு 43, கிளைடரை ஹெர்ஷலாக மாற்றும் சிரிஞ்சுக்கு 78. அந்தக் குறைந்தபட்ச இடைவெளியிலேயே இரண்டு மூன்று சிக்னல்களை வரிசையாக விட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு பிளாக் (நாலு செல் சதுரம்) காணாமல் போயிருந்தால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

எஃப்எக்ஸ்77-இல் உள்ள எக்ஸ்

எஃப்எக்ஸ்77 என்பது உள்ளே வரும் ஹெர்ஷலை 77 தலைமுறையில் வேறிடத்தில் கொடுக்கும் மாற்றி. அதில் உள்ள எக்ஸ் அழகுக்குப் போட்டதல்ல. வெளியே வரும் ஹெர்ஷல் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறியிருக்கும்.

கிளைடரின் நிறத்தை மறப்பது

பால் கல்லஹான் 1996-இல் கண்டுபிடித்த முதல் நிலையான (தானாகத் துடிக்காத) ரிஃப்ளெக்டருக்கு, அதாவது கிளைடரைத் திருப்பிவிடும் அமைப்புக்கு, அடுத்த கிளைடரை அனுப்ப 4840 தலைமுறை காத்திருக்க வேண்டும். 2013 ஏப்ரலில் மைக் ப்ளேல் ஸ்னார்க்கைக் கண்டுபிடித்தபோது அது 43-க்கு இறங்கியது. சின்னது, வேகமானது, எந்த நேரத்தில் கிளைடர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் எல்லோரும் திருப்பம் வருகிற இடத்திலெல்லாம் யோசிக்காமல் அதையே ஒட்டுகிறோம்.

நானும் ஒட்டினேன். எதிரெதிரே வரும் இரண்டு கிளைடர்கள் மோதி இரண்டுமே மறைய வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. ஒன்று ஒரு தடம் தள்ளி வந்தது. ஒரு ஸ்னார்க்கை நகர்த்தினால் இரண்டு தடம் தாண்டிப் போகிறது. திரும்ப இழுத்தால் பழைய தடத்துக்கே வருகிறது. சரி, இன்னொரு திருப்பம் சேர்ப்போம், இன்னும் இரண்டு சேர்ப்போம் என்று மூன்று சனி ஞாயிறு போயிற்று.

விஷயம் இதுதான். பலகை முழுவதையும் செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். கிளைடர் 4 தலைமுறைக்கு ஒரு செல் குறுக்காக நகர்கிறது. அதன் நான்கு நிலைகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நிலை வரும்போதெல்லாம் முன்முனைச் செல்லைப் பார்த்தால், அது எப்போதும் ஒரே நிறக் கட்டத்தில்தான் நிற்கும். வெள்ளைக் கட்டத்து பிஷப் ஆட்டம் முடியும்வரை வெள்ளையிலேயே ஓடுகிற கதைதான். ஸ்னார்க் இந்த நிறத்தை மாற்றாத ரிஃப்ளெக்டர். உள்ளே வரும் தடத்தை விட்டு விலகாமல் அதை நகர்த்த வேண்டுமென்றால் குறுக்காகத்தான் நகர்த்த முடியும், அப்போது வெளியேறும் தடம் இரண்டிரண்டாகத்தான் தள்ளும். பதினான்கு என்ன, நூற்று நாற்பது போட்டாலும் பக்கத்துத் தடம் கிடைக்காது.

இது புரிந்ததும் நான் செய்த அடுத்த முட்டாள்தனம், எல்லா ஸ்னார்க்கையும் பிடுங்கிவிட்டு நிறம் மாற்றும் பவுன்சர்களாகவே நட்டது. பவுன்சர் தானாகத் துடிக்கும் ரிஃப்ளெக்டர், கிளைடர் அதன் துடிப்புக்குப் பொருந்தி வந்து சேர வேண்டும் என்பது ஒரு தலைவலி. அதைவிடப் பெரிய தலைவலி, ஒவ்வொரு 90 டிகிரித் திருப்பத்திலும் நிறம் மாறினால், கிளைடர் எந்தத் திசையில் போகிறது என்பதே அதன் நிறத்தைத் தீர்மானித்துவிடும். திரும்பவும் அதே சிறை. நிறம் மாற்றுவதும் வேண்டும், மாற்றாததும் வேண்டும்.

எல்லாம் நிலையான பாகங்களாகவே இருக்க வேண்டுமென்றால், ஒரே ஒரு திருப்பத்தில் ஸ்னார்க்கை எடுத்துவிட்டு, சிரிஞ்சால் கிளைடரை ஹெர்ஷலாக மாற்றி, அந்த ஹெர்ஷலிலிருந்து வேண்டிய நிறத்தில் கிளைடரைத் திரும்ப வாங்குங்கள். இடம் அதிகம் பிடிக்கும், இடைவெளியும் பொதுவாக 78-க்குக் குறையாது. ஆனால் ஒன்றே போதும். தம்பியிடம் இதைச் சொன்னபோது வந்த பதில்: "அப்போ இந்தப் பதினாலு?" கட்டத் தொடங்கும் முன்பே இரண்டு கிளைடர்களும் ஒரே நிலையில் இருக்கும்போது ஒவ்வொன்றின் முன்முனைச் செல்லின் x, y எண்களைக் கூட்டி, ஒற்றையா இரட்டையா என்று பார்த்திருந்தால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை.

ஹெர்ஷல் துப்பும் கிளைடர்

தடுக்காமல் விட்டால் 21-ஆம் தலைமுறையில் ஒன்று கிளம்பும். வேண்டாமென்றால் வழியில் ஈட்டர் வையுங்கள்.

தாமதம்

இரண்டு ஸ்னார்க்கால் ஆன யூ-டர்னை ஒரு செல் தள்ளி வைத்தால் போக 4, வர 4, மொத்தம் 8 தலைமுறை கூடும். உங்களுக்கு 4 மட்டும்தான் வேண்டுமா? அரை செல் என்று ஒன்று கிடையாது.