கந்தோருக்குப் போகேக்க நாங்கள் விடுற பிழைகள்: வீல்செயார்ல போறவைக்கும் கூடப் போறவைக்கும்

எங்கட சின்ன மாமாவுக்கு ஒரு கால் இல்லை. போன வருசம் அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனன், வாசல்ல ஏழு படி. உள்ளயிருந்து ஒருத்தர் இறங்கி வந்து "ஐயா இதில இருக்கட்டும், தம்பி நீங்கள் போமைக் கொண்டு வாங்கோ" எண்டார், நல்ல மனசோடதான் சொன்னவர், நானும் நன்றி சொல்லிப்போட்டு உள்ள போயிட்டன். மாமா முக்கால் மணித்தியாலம் வெயிலுக்க இருந்தார். பேந்து வீட்டை வந்து "என்ர விசயத்தை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே" எண்டார். அதுக்குப் பிறகுதான் இதுகளைத் தேடிப் படிச்சன்.

பெரிய பிழை, உள்ள போறதை கந்தோர்க்காரர் எங்களுக்குச் செய்யிற உதவி எண்டு நினைக்கிறது. இயலாமையுள்ள ஆக்களின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற, இலங்கையின்ர 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 23ஆம் பிரிவில தெளிவாச் சொல்லுது, மற்றச் சனம் போய்வாற எந்தக் கட்டிடத்துக்கும் இயலாமையைக் காட்டி ஒருத்தரைத் தடுக்கவோ நிபந்தனை போடவோ கூடாது. மீறினா மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2006இல, பொதுக் கட்டிடங்களுக்குள்ள இயலாமையுள்ளவை போய்வர என்ன வசதி வேணும் எண்டு சொல்லுற அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானில வந்தது. 2011இல வீல்செயார்ல இருந்தே வழக்குப் போட்ட கலாநிதி அஜித் பெரேராவின்ர வழக்கில உயர் நீதிமன்றமும் அந்த விதிகளின்படி நடக்கவேணும் எண்டு கட்டளை போட்டது. ஆனபடியா "பழைய கட்டிடம் தம்பி, என்ன செய்யிறது" எண்டா தலையாட்டிப்போட்டு வராதேங்கோ.

அடுத்தது, வாயால மட்டும் சண்டை பிடிச்சுப்போட்டு வாறது. நாங்கள் எல்லாரும் இதைத்தான் செய்யிறம், கோவத்தில கத்திறம், பிறகு கையில ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. திகதி, நேரம், ஆர் என்ன பதவி, என்ன சொன்னவை எண்டு அண்டைக்கே எழுதுங்கோ, படியை ஒரு போட்டோ எடுங்கோ, அந்தக் கந்தோர்ப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபால்ல கடிதம் போட்டுக் கொப்பி வையுங்கோ. நாளும் முக்கியம், உயர் நீதிமன்றத்தில போடுற அடிப்படை உரிமை மனு எண்டா அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள போடவேணும். அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவிட்ட முறைப்பாடு குடுத்தா, அவை விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில சேராது, ஆனா விசாரணை நடக்குது எண்டதுக்கு அவையிட்ட ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலயே அவையின்ர பிராந்திய அலுவலகம் இருக்கு.

ராம்ப் (சாய்வுப் பாதை) கட்டிப்போட்டினம் எண்டு அதோட விடுறதும் பிழை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும், ரெண்டடி ஏறவேணுமெண்டா 24 அடி. மோட்டச்சைக்கிள் ஏத்திற சரிவில வீல்செயார் ஏறாது, இறங்கேக்க ஆள் கவிழும். அதோட ஒழுங்கான ராம்ப் இருக்கிற இடத்தில எங்கட ஆக்களே வாசலை மறிச்சு மோட்டச்சைக்கிளை விட்டிட்டுப் போகினம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ.

எழுத ஏலாதவை அரசாங்கக் கந்தோர்ல தகவல் கேக்கேலாது எண்டு கன பேர் நம்பினம். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வாயால கேட்டாலும் காணும், தகவல் அதிகாரிதான் எழுதவேணும், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். ராம்புக்குக் காசு ஒதுக்கினதோ, எப்ப கட்டுவினம் எண்டெல்லாம் கேக்கலாம்.

கந்தோர் மேசையில இருக்கிறவைக்கும் ஒண்டு. கூட வந்தவரைப் பாத்து "இவருக்கு என்ன வேணும்" எண்டு கேக்காதேங்கோ, அவரிட்டையே கேளுங்கோ. காது கேக்காத ஒருத்தர் வந்தா அவரின்ர சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ, தாய் தகப்பன்ர வருத்தமும் கடனும் அந்தப் பிள்ளையின்ர வாயால வரக்கூடாது.

வோட்டு விசயமும் இருக்கு. கண் தெரியாதவை, கை ஏலாதவை தங்களுக்கு விருப்பமான ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய் வாக்குப் போட 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடம் குடுக்குது, ஆனா தகுதிச் சான்றிதழ் வேணும். போமை விதானையாரிட்டை (கிராம அலுவலர்) எடுக்கலாம், அரசாங்க வைத்தியர் உறுதிப்படுத்தவேணும். தேர்தல் அறிவிச்ச கிழமையே போங்கோ, வோட்டு அண்டு காலமை டொக்டரைத் தேடி ஓடேலாது.