அறுப்பு மெஷினை வயல் நடுவுல இருந்து ஓட்டுங்க

ஏரி, சதுப்பு, வாய்க்கால் பக்கத்துல வயல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். பொதுவா எல்லாரும் வரப்போரமா ஆரம்பிச்சு சுத்தி சுத்தி உள்ள வந்து அறுப்போம்ல, அப்போ காடை, முயல், கானாங்கோழி எல்லாம் சத்தத்துக்கு பயந்து அறுக்காத பயிருக்குள்ளயே ஒதுங்கி ஒதுங்கி கடைசில நடுவுல ஒரு துண்டுல மாட்டிக்கும், வெட்டவெளிய தாண்டி ஓட அதுங்களுக்கு தைரியம் வராது, அப்புறம் பிளேடுதான். அதுக்கு பதிலா மெஷின் திரும்புறதுக்கு இடம் கிடைக்க ரெண்டு பக்கமும் கொஞ்சம் அறுத்துட்டு நடுவுல ஆரம்பிச்சு வெளிய நோக்கி வாங்க, இல்லன்னா ஒரு பக்கமா ஆரம்பிச்சு தண்ணி இருக்க பக்கம் முடிங்க, அதுங்க பாட்டுக்கு கோரைக்குள்ள நழுவிடும். ஸ்பீடையும் குறைங்க, குஞ்சுகளால வேகமா ஓட முடியாது (கானாங்கோழிக் குஞ்சு சும்மா கறுப்பு பஞ்சு உருண்டை மாதிரிதான் இருக்கும், மேல சீட்ல இருந்து பார்த்தா சத்தியமா தெரியாது). ராத்திரி லைட் போட்டு அறுக்குறத முடிஞ்சா தவிர்க்கலாம். தண்ணியோரம் ரெண்டு மூணு அடி கோரைய அப்படியே விட்டுடுங்க, எலி பிடிக்கிற பாம்புக்கும் பூச்சி தின்னுற தவளைக்கும் அதுதான் வீடு. டீசல் கூட போகுமான்னு கேட்பீங்க, பெருசா வித்தியாசம் இருக்காது, ரூட்டுதான் மாறுது.