வயதின் தலையில் பழியைப் போடாதீர்கள்: கண், காது, பல் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

கொழும்பில் வேலை செய்துகொண்டு, மாதம் ஒரு தடவை தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அம்மா அப்பாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். நல்ல காரியம். ஆனால் அவர்களோடு பேசும்போது, தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கும் நடந்துகொண்டிருந்த அதே பிழைகள் இன்றும் அப்படியே நடப்பது தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல் துலக்குங்கள், சீனியைக் குறையுங்கள், காதுக்குள் குச்சி விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மிஞ்சிய கண் மருந்தை இன்னொருவர் கண்ணில் விடுவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடக்கும். கண் ஆறுவதற்கு டெக்ஸாமெதசோன் அல்லது பிரெட்னிசொலோன் கலந்த சொட்டு மருந்து கொடுப்பார்கள். இரண்டும் ஸ்டீரொயிட், அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வகை. முதலில் அடிக்கடி விட்டு, பிறகு படிப்படியாகக் குறைத்து, டொக்டர் சொன்ன வாரத்தோடு நிறுத்திவிட வேண்டிய மருந்து. போத்தலில் கொஞ்சம் மிஞ்சும். காசு பெறுமதியான மருந்து என்று அதை எறிய மனம் வராது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். அடுத்த காம்பராவில் ஒருவருக்கு விறகடுப்புப் புகையில் கண் சிவந்து அரித்தால், "எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் விட்டுப் பாரு" என்று போத்தல் கை மாறும்.

அது கேட்கவும் செய்யும். அங்கேதான் வினை. சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீரொயிட் வேகமாக அடக்கிவிடும். சில நாளில் அரிப்பு திரும்பி வரும், மறுபடியும் விடுவார்கள். மருந்து முடிந்தால் வெறும் போத்தலைப் பாமசியில் காட்டி இன்னொன்று வாங்குவார்கள். டொக்டர் எழுதிய துண்டைக் கேட்காமலே கொடுக்கும் கடைகளும் உண்டு.

கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் சுரந்து, ஓரத்தில் இருக்கும் நுண்ணிய வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஸ்டீரொயிட் சொட்டை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்கு அந்த வழி இறுகி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலியே இருக்காது. அந்த அழுத்தத்தில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். குளுக்கோமா என்பது இதுதான். ஓரப் பார்வைதான் முதலில் போகும். எதிரில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரிவதால் ஆளுக்கு ஒன்றும் புரியாது. அதே மருந்தால் புரையும் சீக்கிரம் விழும். புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கலாம். செத்த நரம்புக்கு மருந்து இல்லை.

எங்கள் டிவிஷனில் ஒரு பெரியம்மா இருந்தார். கொழுந்து மலையிலிருந்து ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வைத்த கோப்பை கை பட்டு விழும், வாசற்படியில் கால் தவறும். "வயசு போச்சு, நிதானம் இல்ல" என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணாடி எடுக்கலாம் என்று மகன் கூட்டிப் போனார். டொக்டர் அழுத்தத்தைப் பார்த்தபோது ஒரு கண் முழுதாகப் போயிருந்தது. மற்றதில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். பெரியம்மா சுருக்குப் பையிலிருந்து போத்தலை எடுத்து, "இத விட்டா குளுமையா இருக்கும்ங்க" என்று டொக்டரிடமே நீட்டியிருக்கிறார். யாரோ கொடுத்த மருந்து, வருஷக்கணக்காக விட்டுக்கொண்டிருந்தது. மகன் என்னிடம் வந்து, "வலிச்சிருந்தா அம்மா சொல்லியிருப்பாங்களே அண்ணே" என்றார்.

இன்னொரு வழியிலும் இது கண்ணைக் கெடுக்கும். கொழுந்து எடுக்கும்போதோ கவ்வாத்து வெட்டும்போதோ தேயிலைக் குச்சி கண்ணில் கீறினால், அந்தக் காயத்தில் பூஞ்சணம் பிடிக்கலாம். அதன்மேல் ஸ்டீரொயிட் விட்டால் வெளியே சிவப்பு குறையும், உள்ளே தொற்று பரவிக் கருவிழியையே அழித்துவிடும். குச்சி பட்ட கண்ணுக்கு வீட்டு வைத்தியமே வேண்டாம். தாய்ப்பாலும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது சாமித்தட்டையும் சுருக்குப் பையையும் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசொலோன் என்று எழுதிய கண் போத்தல் இருந்தால், அது யாருக்கு, எப்போது கொடுத்தது என்று கேளுங்கள். கண் மருந்து எதுவாக இருந்தாலும் பொதுவாகத் திறந்து 4 வாரத்துக்குப் பிறகு எறிய வேண்டியதுதான். அம்மா ஏற்கெனவே நீண்ட நாள் விட்டுக்கொண்டிருந்தால் அவரை ஏசாதீர்கள், போத்தலை ஒளித்துவைக்கப் பார்ப்பார். போத்தலோடு கூட்டிப் போய், கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளுக்கோமா மருந்தை நிறுத்துவது

மேலே சொன்னதற்கு நேர்மாறு. இந்தச் சொட்டை டொக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. குளுக்கோமா உள்ளவரின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண்ணின் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புரை முத்தட்டும் என்று காத்திருப்பது

நம் தாத்தா காலத்தில் அது சரியான ஆலோசனைதான். அன்றைய சத்திரசிகிச்சை முறைக்கு முற்றிய புரைதான் தோது. இன்றைய முறையில் புரை கல்லாக இறுகிவிட்டால் வேலை கடினம், ஆபத்தும் கூட. சமைக்கவும் படி இறங்கவும் சிரமம் தொடங்கியதுமே பெயரைப் பதிந்துவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வரிசை நீளம். லயத்துப் படிகளில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கண்ணைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அப்புறம், மூடுபனிக்கு வெயில் இல்லை என்று தொப்பியை விட்டுவிடுகிறோம். 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. மேகமும் அதை முழுதாக மறைக்காது. புரை சீக்கிரம் விழ அதுவும் ஒரு காரணம்.

சீனி வருத்தத்துக்குக் குளிசை மட்டும் போதும் என்பது

கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

40 வயதுக்குப் பிறகு கண்ணாடி போட வெட்கப்படுவது

அசாமில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018இல் வெளிவந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தவர்கள் எடுத்த கொழுந்து நாளுக்கு ஏறத்தாழ 25 கிலோவிலிருந்து 35 கிலோவாக ஏறியது. கொடுக்காதவர்களுக்கு 26இலிருந்து 31 வரைதான். கிலோக் கணக்கில் சம்பளம் பேசும் நமக்கு இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது!

"புகையிலையை விட்டாச்சு, வெறும் பாக்குதான்"

குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போட்டுப் பழகியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மலையில் காலை முழுவதும் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் வாய்ப்புற்றுநோய்தான். சுண்ணாம்பு பல்லைக் கெட்டியாக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. ஈறு இறங்கிப் பல் ஆடுவதைக் கறை மறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு தூங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

உங்கள் அப்பாவை வாய் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி உள்ளே விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால், அல்லது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், 2 வாரத்தில் ஆறாத புண் இருந்தால், பல் டொக்டரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர்களே பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது

வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேரே நடுக்காதுக்குள் போய்விடும்.

காது மிஷினை லாச்சிக்குள் வைப்பது

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் பக்கத்தில் காலம் கழித்தவர்களுக்குக் காது மந்தமாவது வயதால் மட்டும் இல்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நாள் முழுக்க, வருஷக்கணக்கில் கேட்டால் உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் செத்துவிடும், திரும்ப முளைக்காது. மிஷின் போட்ட முதல் நாள் தட்டுச் சத்தமும் தகரத்தில் மழை விழும் சத்தமும் தலைக்குள் இடிப்பதுபோல் இருக்கும். அதோடு கழற்றி வைத்துவிடுகிறார்கள். மூளைக்குப் பழக வாரங்கள் வேண்டும். முதலில் வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் கொஞ்ச நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டிப் பேசினால் சீக்கிரம் பழகும். பேச்சுக் கேட்காதவர் மெல்ல மெல்ல யாரோடும் சேராமல் ஒதுங்கிவிடுவார். காது மந்தத்தைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கு வாய்ப்புக் கூடும் என்பதும் இப்போது தெரிந்த விஷயம்.

ஒரு காது திடீரென்று அடைத்தால் சளி என்று விடுவது

ஒரே நாளில், ஒரே காதில் கேட்காமல் போனால் அது அவசரம். முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. 2 வாரம் கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். மாதக் கிளினிக் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.