இலகு விமானத்துக்கு ஏர் பிரேக் வடிவமைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

நீண்ட இறக்கையும் குறைந்த இழுவையும் (காற்றின் எதிர்ப்பு) கொண்ட இலகு விமானத்தைச் சொந்தமாகக் கட்டுபவர்கள், அது எவ்வளவு தூரம் சறுக்கிப் பறக்கும் என்பதையே முதலில் கணக்கிடுகிறார்கள். அதே எண் தரையிறங்கும்போது எதிராகத் திரும்புகிறது. சறுக்கு விகிதம் 1:20 உள்ள, அதாவது 1 மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டர் முன்னேறும் விமானம், ஓடுதளத்தின் முனையில் நிற்கும் 15 மீட்டர் உயர மரத்தைக் கடந்த பிறகு தரையைத் தொடுவதற்கு 300 மீட்டர் ஆகும். தரைக்குச் சற்று மேலே மிதந்து செல்லும் தூரம் இதில் சேரவில்லை. விகிதத்தை 1:9 ஆக மாற்ற முடிந்தால் அந்த 300 மீட்டர் 135 மீட்டராகச் சுருங்கும். இந்த மாற்றத்தை விமானியின் கை விரும்பும் அளவுக்கு, விரும்பும் நேரத்தில் தருவதே, காற்றோட்டத்துக்குக் குறுக்கே எழுந்து இழுவையைக் கூட்டும் தகடான ஏர் பிரேக்கின் வேலை.

தகட்டின் பரப்பைக் கணக்கிடுவது இந்த வேலையின் எளிய பகுதி. தகடு எழும்போது இறக்கையின் தூக்குவிசைக்கு என்ன ஆகிறது, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அது மூடியே இருக்குமா, இரு பக்கமும் ஒன்றாக எழுமா என்ற கேள்விகளில்தான் வடிவமைப்பின் கடினம் உள்ளது. கீழே உள்ள கணக்குகள் முதல் மதிப்பீட்டுக்கு உரியவை. தகுதி பெற்ற வானூர்திப் பொறியாளர் ஒருவர் சரிபார்த்து, உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் கிடைத்த பிறகே எதையும் பறக்கவிட வேண்டும்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்தல்

இறக்கையின் மேற்பரப்பிலிருந்து செங்குத்தாக எழும் தகடுகள் கிளைடர்களில் (எந்திரமின்றிச் சறுக்கிப் பறக்கும் விமானங்கள்) மிகப் பரவலானவை. ஷெம்ப்-ஹிர்த் வகை என்று அழைக்கப்படும் இவை, குரோப் 109 போன்ற மோட்டார் கிளைடர்களிலும் உண்டு. உடலின் அடியில் கீழ்நோக்கித் திறக்கும் ஒற்றைத் தகடு மற்றொரு வழி. பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸீ விமானத்தில் இத்தகைய தகடே உள்ளது. முன்னால் சிறு இறக்கை கொண்ட அந்த அமைப்பில், பிரதான இறக்கையில் ஃபிளாப் (பின்விளிம்பில் கீழே மடங்கும் பரப்பு) பொருத்தினால் மூக்கைக் கீழே தள்ளும் திருப்புவிசையை முன்னிறக்கையால் எளிதில் சமன் செய்ய இயலாது. அடித்தகடு அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. அடித்தகட்டுக்கு இறக்கையை வெட்ட வேண்டியதில்லை, தூக்குவிசையும் அதிகம் மாறாது. ஆனால் உடலின் அடியில் அதற்குக் கிடைக்கும் பரப்பு குறைவு. நீண்ட இறக்கை கொண்ட விமானத்துக்கு இறக்கைத் தகடுகளே பொருத்தமானவை என்பது என் கருத்து. இனி வருபவை அவற்றைப் பற்றியே.

படி 2: தேவையான இழுவையைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக, மொத்த நிறை 400 கிலோ, அதாவது எடை ஏறத்தாழ 3,920 நியூட்டன் என்று கொள்வோம். பிரேக் விரிந்த நிலையில் ஸ்டால் வேகம் (இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம்) நொடிக்கு 23 மீட்டர் என்றால், அதன் 1.3 மடங்கான நொடிக்கு 30 மீட்டரே இறங்கும் வேகம். சறுக்கு விகிதம் 1:20 எனில் அந்த வேகத்தில் விமானத்தின் இழுவை, எடையின் இருபதில் ஒரு பங்கான 196 நியூட்டன். கிளைடர்களுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான சிஎஸ்-22, பிரேக் விரிந்த நிலையில் இதே 1.3 மடங்கு வேகத்தில் 1:7-ஐ விடத் தட்டையாகச் சறுக்கக்கூடாது என்கிறது. அதை இலக்காகக் கொண்டால் மொத்த இழுவை 560 நியூட்டன் ஆக வேண்டும். தகடுகள் தர வேண்டியது 364 நியூட்டன்.

காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயங்கழுத்தம் கிடைக்கும். கடல்மட்டத்தில் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அது 551 பாஸ்கல். காற்றோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் தகட்டின் இழுவைக் குணகத்தை (வடிவம் எவ்வளவு இழுவை தரும் என்பதைக் காட்டும் எண்) 1.2 என்று எடுத்துக்கொண்டு 364-ஐ 551 × 1.2 ஆல் வகுத்தால், 0.55 சதுர மீட்டர் வருகிறது. இதை இரு இறக்கைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும்.

படி 3: தகட்டை இறக்கைக்குள் பொருத்திப் பார்த்தல்

முதல் முட்டுக்கட்டை இங்கேதான் வரும். இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 1.1 மீட்டர், தடிமன் அதில் 15 சதவீதம் என்றால் மிகத் தடித்த இடத்தில் 165 மில்லிமீட்டர் ஆழம் உண்டு. தகடு அமரும் இடத்தில் ஆழம் அதைவிடக் குறைவு. தோல், தகடு மடங்கி அமரும் பெட்டியின் அடிப்பாகம், தகட்டைத் தூக்கும் கைகள் ஆகியவற்றைக் கழித்தால் தகட்டின் உயரம் 120 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. 1.5 மீட்டர் நீளமும் 120 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட இரு தகடுகளின் மொத்தப் பரப்பு 0.36 சதுர மீட்டர்தான். மீதியை ஈடுகட்ட, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரட்டைத் தகடு அமைக்கலாம், அல்லது கீழ்ப்பரப்பிலும் தகடு வைக்கலாம், அல்லது நீளத்தை 2.3 மீட்டராக்கலாம். நீளத்தைக் கூட்டினால் தகடு ஏலெரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும், இறக்கை நுனிப் பக்கத்துப் பின்விளிம்புப் பரப்பு) முன்னே போய்விடும். கீழ்த்தகடு, புல்லிலும் கல்லிலும் அடிபடும். இரட்டைத் தகட்டில் நகரும் இணைப்புகள் இரண்டு மடங்காகும்.

எந்திரம் உள்ள விமானத்தை முதன்முறையாக வடிவமைப்பவர் 0.36 சதுர மீட்டரோடு நிற்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். அது 238 நியூட்டன் இழுவையைச் சேர்த்துச் சறுக்கு விகிதத்தை 1:9 ஆக்கும். தகட்டின் பின்னால் இழக்கப்படும் தூக்குவிசையை இறக்கையின் பிற பகுதிகள் ஈடுசெய்யும்போது தூண்டு இழுவையும் (தூக்குவிசை உண்டாவதால் எழும் இழுவை) கூடுவதால், நடைமுறையில் இறக்கம் இன்னும் சற்றுச் செங்குத்தாகவே இருக்கும். உங்கள் விமானம் மோட்டார் கிளைடராகச் சான்று பெற வேண்டியது என்றால் மட்டும் 1:7 கட்டாயமாகிறது. அப்போது இரட்டைத் தகட்டைத் தவிர்க்க இயலாமல் போகலாம்.

படி 4: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலத்தில் ஏறத்தாழ பாதியில், பிரதான ஸ்பாருக்கு (இறக்கையின் நீளவாட்டில் சுமை தாங்கும் உத்திரம்) பின்னால் தகடு அமைவது நல்லது. இன்னும் முன்னே வைத்தால் தூக்குவிசை திடீரென்று சரியும், குலுக்கலும் கூடும். ஸ்பாருக்கு முன்னுள்ள மூடிய மூக்குப் பகுதி இறக்கையின் முறுக்கைத் தாங்குவதாக இருந்தால், அதை வெட்டவே கூடாது. பின்பகுதித் தோலும் சுமை தாங்குவதாக இருந்தால், வெட்டின் நான்கு மூலைகளையும் வளைவாக்கி, சுற்றிலும் வலுவூட்ட வேண்டும். நீளவாட்டில், இறக்கை உடலோடு சேரும் இடத்தை ஒட்டி வைத்தால் குழம்பிய காற்று கிடைவாலைத் தாக்கும். ஆகவே அதிலிருந்து விலகி, ஏலெரானுக்கு முன்பே முடிவது சரி. தகட்டின் அடிவிளிம்புக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் குலுக்கல் குறையும். இரண்டாம் உலகப் போர்க்கால டக்ளஸ் டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானத்தின் பிரேக் தகடுகளில் வரிசையாகத் துளைகள் இருந்ததும் வாலின் குலுக்கலைத் தணிப்பதற்காகவே.

படி 5: சுமைகள்

தகட்டைத் திறக்க அனுமதிக்கும் உச்ச வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று கொள்வோம். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். 0.18 சதுர மீட்டர் தகடு ஒவ்வொன்றின் மீதும் 476 நியூட்டன் விழும், 1.5 பாதுகாப்புக் காரணியோடு 714 நியூட்டனுக்குக் கைகளையும் பெட்டியையும் வடிவமைக்க வேண்டும். இறக்கைக்கும் ஒரு விளைவு உண்டு. உட்பகுதியில் தூக்குவிசை குறைவதால் சுமை நுனியை நோக்கி நகர்ந்து, இறக்கை வேரில் வளைவுத் திருப்புதிறனைக் கூட்டுகிறது. பிரேக் திறந்த நிலைக்கான அனுமதிக்கப்பட்ட சுமைக் காரணியை (எடையின் எத்தனை மடங்கை இறக்கை தாங்கலாம் என்ற எண்) தனியாகக் கணக்கிட்டு, மூடிய நிலைக்கானதைவிடக் குறைவாக வைக்க நேரிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

படி 6: இயக்கமும் பூட்டும்

ஒவ்வொரு தகட்டையும் இணையான இரு கைகள் தாங்கட்டும்; அவை ஒன்றாகச் சுழலும்போது தகடு சாயாமல் எழும். இரு இறக்கைகளின் தள்ளுகோல்களும் உடலுக்குள் ஒரே முறுக்குக் குழாயோடு இணைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் விமானம் அந்தப் பக்கம் உருளும்; தரைக்கு அருகே அதைத் திருத்த நேரமிருக்காது.

பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இறக்கையின் மேற்பரப்பில் அழுத்தம் குறைவு என்பதால், தகட்டின் மேல்விளிம்பில் அமர்ந்து பெட்டியை அடைக்கும் மூடியைக் காற்று எப்போதும் மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடியின் பரப்பு 0.075 சதுர மீட்டர், அழுத்த வேறுபாடு இயங்கழுத்தத்துக்கு நிகர் என்று கொண்டால், நொடிக்கு 60 மீட்டரில் ஒவ்வொரு பக்கமும் 165 நியூட்டன் இழுவிசை வருகிறது. பூட்டாமல் புறப்பட்ட கிளைடர்களில் ஏர் பிரேக் தானாகத் திறந்து, மேலேற முடியாமல் போவது நன்கறிந்த விபத்துக் காரணம். இதைத் தடுப்பது மையம் கடந்த பூட்டு. பெல் கிராங்கும் (விசையின் திசையை மாற்றும் சுழல்கை) தள்ளுகோலும் ஒரே நேர்கோட்டில் வந்து, அதைச் சில மில்லிமீட்டர் கடந்து ஒரு தடுப்பில் அமர்ந்தால், உறிஞ்சும் விசை பூட்டை மேலும் இறுக்கவே செய்யும். பூட்டைப் பெட்டிக்கு அருகிலேயே வையுங்கள்; நீண்ட கோலின் நெகிழ்வு அப்போது அதைப் பாதிக்காது. இரு பக்கமும் ஒரே கணத்தில் மையத்தைக் கடக்கும்படி கோல்களின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். மூடியை வில்லின் மேல் பொருத்தினால், இறக்கை வளையும்போதும் அது தோலோடு ஒட்டியிருக்கும். பெட்டிக்குள் கீழ்ப்பரப்பிலிருந்து காற்று கசியாதபடி அடைத்து, நீர் வடிய ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள்.

விமானியின் கைப்பிடி நீல நிறத்தில் இருக்கட்டும், பின்னால் இழுத்தால் பிரேக் திறக்கட்டும். கிளைடர்களில் இதுவே வழக்கம், பழகிய கை அதையே தேடும்.

படி 7: சோதனை

தரையில் இறக்கையை மணல் மூட்டைகளால் அனுமதிக்கப்பட்ட சுமை அளவுக்கு வளைத்து, அந்த நிலையில் பிரேக்கைத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கேனும் உரசினாலோ இறுகினாலோ வானில் அது சிக்கிக்கொள்ளும். தகட்டின் மீதும் கணக்கிட்ட சுமையை ஏற்றிச் சோதிக்க வேண்டும். முதல் வான்சோதனையைப் போதிய உயரத்தில், அனுபவமுள்ள சோதனை விமானியே செய்ய வேண்டும். குறைந்த வேகத்தில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முழுமை என்று திறந்து, ஒவ்வொரு நிலையிலும் குலுக்கலையும் மூக்கின் போக்கையும் கைப்பிடியின் விசையையும் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முழுமையாகத் திறந்த நிலையில் ஸ்டால் வேகத்தை அளந்து, கணக்கில் எடுத்த 23 மீட்டரை விட அது கூடியிருந்தால், இறங்கும் வேகத்தையும் அதற்கேற்ப உயர்த்திக் கையேட்டில் எழுதி, பிரேக் திறப்பதற்கான உச்ச வேகத்தைக் கைப்பிடியின் அருகே ஒட்டிவிடுங்கள்.