பெங்களூரில் பன்னீர் ரோஜா: அடையாளம் காணலும் வளர்ப்பும்

பெங்களூரு நர்சரிகளில் பன்னீர் ரோஜா, அதாவது டமாஸ்க் ரோஜா, என்று கேட்டால் பெரும்பாலும் எட்வர்ட் ரோஜாவைத்தான் எடுத்துத் தருவார்கள். பூர்போன் என்று அப்போது அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவில், வேலிக்காக நட்ட சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து உருவான இனம் இது என்பது நெடுநாள் கருத்து. 1817-இல் அங்கு சென்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரேயோன் வழியாக இது ஐரோப்பாவுக்குத் தெரியவந்தது.

வாங்கும் முன் பூவின் நிறத்தையும் மணத்தையும் மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் டமாஸ்க், எட்வர்ட் இரண்டுமே இளஞ்சிவப்பு, இரண்டுமே மணப்பவை. தண்டைப் பாருங்கள். டமாஸ்க்கில் வளைந்த பெரிய முட்களுக்கு இடையே ஊசி போன்ற விறைத்த சிறுமுட்களும் நெருக்கமாக இருக்கும். எட்வர்டில் வளைந்த முட்கள் மட்டும் ஆங்காங்கே நிற்கும். டமாஸ்க்கின் இலை சாம்பல் கலந்த பச்சை, அடிப்புறம் மென்மயிர் கொண்டது. எட்வர்டின் இலை வழவழப்பானது. மொட்டின் அடியிலுள்ள பச்சைக் குமிழ் நீண்டிருந்தால் டமாஸ்க் என்று கொள்ளலாம். டமாஸ்க் பெரும்பாலும் குளிர்காலம் கழிந்து ஒருமுறை பூப்பது. கடுங்குளிர் இல்லாத நம் ஊருக்கு, விட்டு விட்டு ஆண்டு முழுவதும் பூக்கும் எட்வர்டே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

அல்சூரிலோ சிவாஜி நகரிலோ உறவினர் வீட்டில் பழைய செடி இருந்தால் அதிலிருந்தே குச்சி கேட்டு வாங்குங்கள். சொந்த வேரில் வளர்வதால், ஒட்டுச்செடியைப் போல அடியிலிருந்து வேறு ரகம் தளிர்த்து மூலச்செடியை மூடிவிடாது. பூத்து முடிந்த, பென்சில் தடிமனுள்ள கிளையை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, மணல் கலந்த செம்மண்ணில் பாதி ஆழம் ஊன்றி நிழலில் வையுங்கள். துளிர் வந்தவுடன் இழுத்துப் பார்க்காதீர்கள், வேர் அதற்குப் பிறகுதான் பிடிக்கும்.

வேர் பிடித்ததும் பதினான்கு அங்குலத் தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணோடு மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, ஆறு மணி நேரமாவது வெயில் படும் மொட்டை மாடியில் வையுங்கள். மழை ஓய்ந்த பின் காய்ந்த குச்சிகளையும் மெலிந்த கிளைகளையும் மட்டும் கவாத்து செய்யுங்கள். நீண்டு வளரும் கிளையை வெட்டாமல் மெல்ல வளைத்துத் தொட்டியின் விளிம்பில் கட்டினால், கணுவுக்குக் கணு பக்கக் கிளை எழுந்து மொட்டு வைக்கும். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி தோன்றினால் அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் காலையில் அடியில் மட்டும் விடுங்கள்.