அமெரிக்க நிலப் பட்டயம்: படிப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "நம்ம இடத்துக்கு லேண்ட் பேட்டன்ட் எடுத்து வைத்துவிட்டால் பேங்க் கை வைக்க முடியாதாமே, சொத்து வரிகூடக் கட்ட வேண்டாமாமே?" யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அரசு நிலம் முதன்முதலாகத் தனியார் கைக்குப் போனதைக் காட்டும் இதே காகிதத்தை வைத்துக்கொண்டு வேறு பலரும் வேறு பல தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: அந்தக் காகிதம் என்ன, அதன் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாதது.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பேட்டன்ட் என்றதும் நமக்குக் கண்டுபிடிப்புக்குத் தரும் காப்புரிமை நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லுக்கு லத்தீனில் 'திறந்திருப்பது' என்று பொருள். அரசன் முத்திரையிட்டு, மடித்து மூடாமல், எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்ட மடல் அது. கண்டுபிடிப்புக்கான காப்புரிமையும் நிலத்துக்கான காகிதமும் அந்த ஒரே வழக்கத்திலிருந்து பிரிந்தவை. சிலர் இதைப் பட்டா என்று மொழிபெயர்க்கிறார்கள். அதுவும் சரியில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்டிவிட முடியாது. நம் செப்பேடுகளை நினைத்துக்கொண்டு 'பட்டயம்' என்று சொன்னால் பொருள் நெருங்கி வருகிறது. அதனால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஊரில் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறோம் அல்லவா? கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், அதற்கும் முந்தையது என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடைசியாக வந்து நிற்பது இந்தப் பட்டயம். அரசிடம் இருந்த பொது நிலம் முதன்முதலாக ஒரு தனியார் கைக்குப் போனதற்கான ஆவணம். மத்திய அரசின் முதல் பட்டயம் 1788 மார்ச் 4 அன்று ஒஹாயோ பகுதியில் ஜான் மார்ட்டின் என்பவருக்கு 640 ஏக்கருக்காக வழங்கப்பட்டது. 1812-இல் இந்த வேலைக்கென்றே பொது நில அலுவலகம் உருவானது. 1946-இல் அது வேறொரு துறையோடு இணைந்து இன்றைய நில மேலாண்மைப் பணியகம் ஆனது. பழைய பட்டயங்களின் படங்களை அந்தப் பணியகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, நண்பர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பணத்தையும் வீட்டையும் பறிகொடுக்க வைக்கும் தவறு இதுதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்க விவசாயிகள் கடனில் மூழ்கியபோது ஒரு யோசனை பரவியது. நிலத்தின் பழைய பட்டயத்தைத் தேடி எடுத்து, அதை "என் பெயருக்குக் கொண்டுவருகிறேன்" என்று தானே ஒரு அறிவிப்பு எழுதி, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், அடமானமும் வரியும் ஒட்டாத முழு உரிமை வந்துவிடும் என்றார்கள். அதை நம்பி இந்தியானா மாநிலத்தில் ஒரு குடும்பம் வங்கிக்கு எதிராக வழக்குக்கே போனது. 1985-இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யாரும் தனக்குத் தானே பட்டயம் எழுதிக்கொள்ள முடியாது. கொடுக்க வேண்டியது அரசு. அரசும் ஒரு நிலத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கிறது. கொடுத்த பிறகு அந்த நிலம் மற்ற எல்லாச் சொத்தையும் போல மாநிலச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், வரி பாக்கி வைத்தால் ஏலத்துக்கும் போகும். அதன்பிறகு வந்த வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இதையேதான் சொல்லின.

யோசித்துப் பாருங்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு ஜமீன்தார் எழுதிக் கொடுத்த பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதற்காக நீங்கள் நேற்று வங்கியில் போட்ட கையெழுத்து செல்லாமல் போகுமா? போகாது. யாராவது "பட்டயத்தைப் புதுப்பித்துத் தருகிறேன்" என்று கட்டணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கடன் தவணை கட்ட முடியாத நிலை வந்தால் உண்மையான வழக்கறிஞரிடமோ, வீட்டுக்கடன் ஆலோசகரிடமோ சீக்கிரம் போய்ச் சேருங்கள். இந்த மாதிரிக் காகித வேலையில் கழியும் மாதங்கள்தான் வீட்டைக் காப்பாற்ற இருந்த மாதங்கள். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் 'ஹோம்ஸ்டெட்' என்ற பெயரில் வரிச்சலுகை ஒன்று உண்டு. அது நிஜம்தான், ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மாநிலம் தருவது. குடியேறிப் பயிரிட்டவர்களுக்கு 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு கொடுத்த பழைய ஹோம்ஸ்டெட் பட்டயத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டு உறவு கிடையாது.

அடுத்த தவறு, இல்லாத இடத்தில் தேடுவது. நியூ ஜெர்சியில் இருப்பவர் மத்திய அரசின் இணையதளத்தில் தன் ஊரைத் தேடிவிட்டு "ஒன்றும் இல்லையே" என்கிறார். இருக்காது. ஆரம்பத்தில் சேர்ந்த 13 மாநிலங்களிலும், வெர்மான்ட், மெய்ன், கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா, ஹவாய், டெக்சாஸ் ஆகியவற்றிலும் மத்திய அரசுக்கு இப்படிப் பிரித்துக் கொடுக்கப் பொது நிலம் இருந்ததில்லை. 1845-இல் அமெரிக்காவோடு இணைந்தபோது டெக்சாஸ் தன் பொது நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் ஆஸ்டினில் உள்ள மாநில நில அலுவலகத்தின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும். ஜார்ஜியாவில் 1805 முதல் 1833 வரை குலுக்கல் சீட்டு போட்டே நிலத்தைக் கொடுத்தார்கள். மீதமுள்ள 30 மாநிலங்களில்தான் மத்தியப் பட்டயம் கிடைக்கும்.

கலிபோர்னியா அந்த 30-க்குள் இருந்தாலும் அங்கே வேறொரு சிக்கல். 1848-இல் மெக்சிகோவிடமிருந்து அந்தப் பகுதி அமெரிக்காவுக்கு வந்தபோது பெரிய பண்ணைகளுக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருந்தார்கள். உங்கள் உரிமையை நிரூபியுங்கள் என்று 1851-இல் ஒரு சட்டம் வந்தது. 800-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. பட்டயம் கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டு ஆனது. அதற்குள் வழக்குச் செலவிலேயே பலர் நிலத்தை இழந்துவிட்டார்கள். இன்று நம்மவர்கள் நிறைந்திருக்கும் சன்னிவேல், மவுண்டன் வியூ ஊர்களின் பெரும்பகுதி இப்படி ஒரு மெக்சிகோ காலப் பண்ணை. அதனால் அங்கே ஒரு பட்டயத்தைப் பார்த்ததும் அரசு நிலத்தைத் தானம் கொடுத்தது என்று எழுதிவிடக் கூடாது. பல நேரம் அது ஏற்கெனவே இருந்த உரிமையை ஒப்புக்கொண்ட காகிதம்.

காகிதம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படிப்பதில் நான்கு இடங்களில் தடுமாறுகிறார்கள்.

ஒன்று கையெழுத்து. அடியில் லிங்கன் பெயரோ கிராண்ட் பெயரோ இருந்தால் ஜனாதிபதியே கையொப்பமிட்டது என்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். 1833 மார்ச் 2 வரை ஜனாதிபதிகள் தாங்களே கையெழுத்திட்டார்கள். வேலை மலைபோலக் குவிந்ததால் அன்று ஒரு சட்டம் வந்து, அதற்கென்று ஒரு செயலாளர் நியமிக்கப்பட்டார். அதன்பிறகு ஜனாதிபதியின் பெயரை எழுதியது அந்தச் செயலாளர்தான். பழைய காகிதம் என்று யாராவது விலை பேசினால் இந்தத் தேதியை மறக்காதீர்கள்.

அப்புறம் தேதி. பட்டயத்தில் 1875 என்று இருந்தால் குடும்பம் 1875-இல் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஹோம்ஸ்டெட் நிலத்தில் ஐந்து ஆண்டு குடியிருந்து, பயிரிட்டு, சாட்சிகளோடு நிரூபித்த பிறகுதான் வாஷிங்டனிலிருந்து பட்டயம் வரும். அப்படியானால் அவர்கள் பெரும்பாலும் 1870-லோ அதற்கு முன்போ அங்கே வந்திருப்பார்கள். அந்த ஆண்டுகளின் கதை பட்டயத்தில் இருக்காது. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள விண்ணப்பக் கோப்பில் இருக்கும். என்ன வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார் என்பதெல்லாம் அதில்தான். பட்டயம் வரையில் போகாமல் பாதியில் விட்டவர்களின் கோப்புகூடக் கிடைக்கலாம்.

மூன்றாவது பெயர். போரில் பணியாற்றியவர்களுக்கு நிலம் பெறும் சீட்டு கொடுத்தார்கள். பெரும்பாலான வீரர்கள் அந்தச் சீட்டைக் காசுக்கு விற்றுவிட்டார்கள். ஆகவே பட்டயத்தில் வீரரின் பெயர், நிலத்தை எடுத்தவரின் பெயர் இரண்டும் வரும். வீரர் அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியாக எல்லை. 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளந்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சதுர மைல் அளவில் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 1796-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போகும், அடுத்த வரிசையில் திரும்பிக் கிழக்கே வரும், ஏர் ஓட்டும் மாடு திரும்புவது போல. முதல் வரிசையின் இறுதியில் இருக்கும் 6-க்கு நேர் கீழே 7 வருவது இதனால்தான். "தென்கிழக்குக் கால்பகுதியின் வடமேற்குக் கால்பகுதி" என்று நாம் தமிழில் சொன்னால் வரிசை இயல்பாக இருக்கும்: பெரியது முதலில், சிறியது பிறகு. ஆங்கில ஆவணத்தில் சிறியது முன்னால் நிற்கும். அதை நம் வழக்கப்படி முன்னிருந்து படித்தால் வேறு வயலில் போய் நிற்போம். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அதோடு எந்த முதன்மை நெடுங்கோட்டின் (அளவைக்கு அடிப்படையாக வைத்த வடக்கு-தெற்குக் கோடு) கீழ் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டால் கிராமத்தின் பெயரைச் சொல்லாமல் சர்வே எண்ணை மட்டும் சொல்வதற்குச் சமம்.

பட்டயம் இருந்தால் மண்ணுக்கு அடியில் உள்ளதும் நமதே என்பது இன்னொரு நம்பிக்கை. 1916-ஆம் ஆண்டுக் கால்நடை ஹோம்ஸ்டெட் சட்டம் 640 ஏக்கர் வரை கொடுத்தது, ஆனால் கனிமங்களை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. வயோமிங்கில் அப்படிப்பட்ட நிலத்தில் எடுத்த சரளைக் கல்கூட அரசுக்குச் சொந்தம் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி கனிமம் உள்ள நிலத்துக்குப் பட்டயம் வாங்கும் விலை ஏக்கருக்கு இரண்டரை அல்லது ஐந்து டாலர். அந்த விலை மாறவே இல்லை. 1994 மே மாதம் நெவாடாவில் ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகக் கொடுத்து ஏறத்தாழ 2,000 ஏக்கருக்குப் பட்டயம் வாங்கியது. அடியில் இருந்த தங்கத்தின் மதிப்பு பல நூறு கோடி டாலர். சட்டம் இருப்பதால் வேறு வழியில்லை என்று உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் கசப்போடு கையெழுத்திட்டார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே புதிய சுரங்கப் பட்டய விண்ணப்பங்களுக்கு நாடாளுமன்றம் தடை போட்டது.

"அமெரிக்கா எல்லாருக்கும் இலவசமாக நிலம் கொடுத்தது" என்ற பேச்சையும் அளந்து பார்க்க வேண்டும். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கருக்குக் கட்டணம் மொத்தம் சுமார் 18 டாலர். அந்தச் சட்டத்தின் கீழ் 16 லட்சம் பட்டயங்களும் 27 கோடி ஏக்கரும் கைமாறின. ஆனால் விண்ணப்பித்தவர்கள் சுமார் 40 லட்சம். மழை பொய்த்தும், கடனிலும், தனிமையிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். இரயில் கம்பெனிகளுக்கு மட்டும் மத்திய அரசு சுமார் 13 கோடி ஏக்கர் கொடுத்தது. விண்ணப்பிக்கக் குடியுரிமை வேண்டும், அல்லது குடியுரிமை பெறப்போகிறேன் என்ற அறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்பைச் செய்யத் தகுதி வெள்ளையர்களுக்கும், 1870-க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான். இந்தியர்கள் வெள்ளையர்கள் அல்ல என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946 வரை அந்தக் கதவு நம் மக்களுக்கு மூடியே இருந்தது.

இனி, எனக்கு மனம் ஆறாத தவறு. பட்டயத்தைக் கண்டுபிடித்தவர்கள் "இதற்கு முன் யாருமில்லை, காலி நிலம்" என்று வரலாற்றை அங்கேயிருந்து தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பட்டயத்துக்கும் முன்னால் ஒரு ஒப்பந்தமோ, போரோ, வெளியேற்றமோ இருக்கிறது. பழங்குடிகளுக்கே பட்டயம் கொடுத்ததும் உண்டு. அதுவும் இழப்பில் முடிந்தது. 1887-ஆம் ஆண்டு டாஸ் சட்டம் பழங்குடிகள் கூட்டாக வைத்திருந்த நிலத்தைத் துண்டுபோட்டுத் தனிநபர்களுக்குப் பிரித்தது. மிஞ்சியதை வெளியாருக்குத் திறந்துவிட்டது. 25 ஆண்டுகள் விற்க முடியாதபடி பாதுகாப்பு இருந்தது. 1906-இல் வந்த சட்டத்தால், "இவர் தகுதியானவர்" என்று அதிகாரிகள் முடிவு செய்தால் அந்தப் பாதுகாப்பை முன்கூட்டியே நீக்கி முழுப் பட்டயம் கொடுக்கலாம் என்றானது. கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்கள். கையில் பட்டயம் வந்ததும் வரி வந்தது. வரி கட்ட முடியாமல் நிலம் போனது. 1887-இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934-இல் 4.8 கோடியாகச் சுருங்கியது.

ஐயோவா மாநிலத்தின் டாமா கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1832-இல் சாக், மெஸ்க்வாக்கி பழங்குடி மக்களுக்கு எதிரான பிளாக் ஹாக் போரில் சிறிது காலம் பணியாற்றியதற்காக ஆபிரகாம் லிங்கனுக்கு அரசு கொடுத்த நிலத்தில் 40 ஏக்கர் அங்கே இருந்தது. மெஸ்க்வாக்கி மக்களைக் கான்சஸுக்கு அனுப்பிவிட்டார்கள். சிலர் போகவில்லை, போன சிலர் திரும்பி வந்தார்கள். 1857-இல் பணம் சேர்த்து, அதே டாமா கவுண்டியில் 80 ஏக்கரை 1,000 டாலருக்கு வாங்கினார்கள். அரசு அந்தக் காலத்தில் பொது நிலத்தை விற்ற வழக்கமான விலை ஏக்கருக்கு 1.25 டாலர். அவர்கள் கொடுத்தது 12.50. அந்த 80 ஏக்கரோடு சேர்த்து மேலும் மேலும் வாங்கி, அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.