தென்னந்தோட்டத்தில் சுழற்சி முறை மேய்ச்சல்: கொழும்பிலிருந்து நிர்வகிப்போருக்கான வழிகாட்டி

கொழும்பில் வசித்துக்கொண்டு குருநாகலிலோ சிலாபத்திலோ தென்னந்தோட்டத்தில் மாடு வளர்ப்போர், முதலில் புல்லின் அளவைக் கணித்து, அதன் பின்னரே மாடுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

தோட்டத்தை மின்வேலியால் சிறு பிரிவுகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மேயவிடுவதே சுழற்சி முறை மேய்ச்சல். ஒரு பிரிவில் 3 நாட்களுக்கு மேல் மாடுகளை விடாதீர்கள். அதற்கு மேல் நின்றால், புதிதாகத் துளிர்ப்பதை அவை மீண்டும் கடிக்க, வேரில் சேமித்த சக்தி தீர்ந்து புல் நலிந்துவிடும். கினிப் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்ததும் மேயவிட்டு, ஒரு சாண் எஞ்சியிருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 4 வாரங்களில் மீளும் பிரிவுக்கு வறட்சியில் இன்னும் நீண்ட ஓய்வு தேவைப்படுவதால், நாட்காட்டியைவிடப் புல்லின் உயரத்தையே நம்புங்கள். வார இறுதியில் மட்டும் செல்பவர், தோட்டப் பொறுப்பாளரிடம் தினமும் கைபேசியில் படம் கேட்டுப் பெறலாம்.

சாணமும் சிறுநீரும் பரவலாக விழுந்தால் உரச்செலவு குறையும். தண்ணீர்த் தொட்டி ஒரே இடத்தில் இருந்தாலோ எல்லாம் அங்கேயே குவியும், ஆகவே அதையும் நகர்த்துங்கள். இளந்தென்னைகள் உள்ள பகுதிக்குள் மாடுகளை விடவே கூடாது. ஊறிய நிலத்தைக் குளம்புகள் இறுக்கிவிடும் என்பதால், அடைமழை நாட்களில் வெட்டிய புல்லோடு கிளிரிசிடியா மரத்தின் இலையையும் கலந்து கொட்டிலிலேயே கொடுங்கள்.